அப்பாவுக்கு ஒரு பென்ஷன், மகனுக்கு ஒரு பென்ஷன்

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த மாமனாருக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. 2005-இல் அரசு வேலையில் சேர்ந்த கணவருக்கு அது கிடையாது என்கிறார்கள். ஓஎம்ஆரில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுக்கு என்ன இருக்கிறது? - வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று காலம் இருக்கிறது, அம்மா. மாமனாருக்குப் பழைய திட்டம். முழு சர்வீஸ் போட்டிருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும், அவருக்குப் பிறகு மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம்.

தமிழக அரசு 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் கணவர் சேர்ந்தது அதில்தான்: சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிப்பு, அரசு அதே அளவு போட்டது. சேர்ந்த தொகைக்குக் கணக்கு இருந்தது, 2026 ஜனவரியில் அரசு உறுதி ஓய்வூதியத் திட்டத்தை அறிவிக்கும் வரை, மாதம் இவ்வளவு என்ற உறுதிதான் அதில் இல்லாமல் இருந்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019-இல் வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மகன் விஷயம்தான் எனக்குக் கவலை. பிஎஃப் பென்ஷனுக்கு 2014-இல் வைத்த சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள், 35 வருடம் உழைத்தால் மாதம் 7,500 ரூபாய், அகவிலைப்படி கிடையாது. அதிலும் 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் வேலையிலேயே அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தால், அந்தப் பென்ஷனும் இல்லை, பிஎஃப் பணம் மட்டுமே. சரி, அவருடைய பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் பங்கு என்ற பத்தியில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.