லீசிங் முடியட்டும், வளவு எங்கேயும் போகாது

கேள்வி: எனக்கு 27 வயது. திருகோணமலை டவுனில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. சம்பளத்தில் பாதி மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கும் போன் தவணைக்குமே போய்விடுகிறது. நிலாவெளியில் அம்மாவின் 40 பேர்ச் வளவு சும்மா கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு அங்கே தோட்டம் செய்து எளிமையாக வாழ ஆசை. சொன்னால் அம்மா அழுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, உங்கள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற எவருக்கும் அது விளங்கும். ஆனால் லீசிங் முடியும்வரை வேலையை விடாதீர்கள். கடனோடு தோட்டத்தில் இறங்கினால், முதல் கத்தரிக்காய் பறிக்கும் முன்பே தவணை தவறிவிடும்.

சனி, ஞாயிறுகளில் வளவுக்குப் போங்கள். கடலோர மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அதனால் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அதன்மேல் சாணமும் சருகும் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். மட்டை ஊறி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புரட்டாசியில் இதைச் செய்து வைத்தால் ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் கத்தரி, வெண்டி, பயிற்றை போதும். முருங்கைத் தடியை மேட்டில் நடுங்கள், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கிணற்றில் மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்கவும் வேண்டாம். கடலுக்குக் கிட்ட அப்படி இறைத்தால் உவர் ஏறும், பிறகு குடிக்கவும் உதவாது.

அப்புறம் கைவேலை. உப்புவெளியிலிருந்து டவுன் சைக்கிளில் வரக்கூடிய தூரம்தான். பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, பஞ்சர் ஒட்டப் பழகுங்கள். டியூப்புக்குக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, அரத்தாளால் உரசிச் சொலூசன் பூசுங்கள். பூசின கையோடு ஒட்டக்கூடாது. விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டவேண்டும். அவசரப்படுகிறவர்களின் ஒட்டுத்தான் பாதி வழியில் கழன்றுவிடும். சட்டைக்குப் பொத்தான் தைப்பது, சோறு கறி சமைப்பது எல்லாம் இப்படியே ஒவ்வொன்றாக வரும்.

அம்மாவிடம் வேலையை விடுகிற பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் கருவாடு போடப் பழக்கச் சொல்லுங்கள். எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வளவிலிருந்து வந்ததால் கடையில் வாங்காமல் விட்ட சாமான்களை மாதாமாதம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். லீசிங் முடிந்ததும் அந்தக் கொப்பியோடு அவரிடம் பேசுங்கள்.