இரவு ஒன்பதரை மணிப் பார்சல்

கேள்வி: கும்பகோணத்திலிருந்து வந்து எட்டு மாதமாக மகன் வீட்டில் இருக்கிறேன். மகன், மருமகள் இருவருக்கும் ஐடி வேலை. நான் சமைத்து வைத்திருந்தாலும் வாரத்தில் நான்கு நாள் இரவு ஆப்பில்தான் ஆர்டர் செய்கிறார்கள். என் சமையல் பிடிக்கவில்லையோ என்று மனசு கஷ்டமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: அம்மா, இந்தப் பழக்கம் நீங்கள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்ததா என்று மகனிடம் கேளுங்கள். அநேகமாக இருந்திருக்கும். சாப்பாடு கொண்டுவந்து தரும் ஸ்விக்கி ஆப் பெங்களூரில் தொடங்கியது 2014-இல். அதற்குப் பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகளில் பலர், அறையெடுத்துத் தங்கிய நாளிலிருந்தே அதில் சாப்பிட்டுப் பழகியவர்கள்.

முதல் தடவை இழுப்பது கூப்பன்தான். ஆனால் கூப்பன் நின்ற பிறகும் யாரும் ஆப்பை விட்டுப் போவதில்லை. 2023-இல் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்த பிளாட்ஃபார்ம் கட்டணம் (ஆப்பைப் பயன்படுத்துவதற்கென்று தனியாக வாங்குவது) இன்று பத்தைத் தாண்டிவிட்டது. பல கடைகளில் நேரில் போய் வாங்கும் விலையைவிட ஆப்பில் விலை கூடுதல். இதெல்லாம் உங்கள் மகனுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வாங்குகிறார்?

ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரை ஒரு ராத்திரி கவனித்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றும்போதே கையில் போன். முகவரி ஏற்கெனவே அதில் இருக்கிறது, போன வாரம் வாங்கிய பரோட்டாவும் மேலேயே நிற்கிறது. விரலால் ஒரு தட்டு, முடிந்தது. அப்புறம் வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று மேப்பில் பார்த்துக்கொண்டே முகம் கழுவப் போய்விடுவார். பகலெல்லாம் நூறு பேருக்குப் பதில் சொன்னவருக்கு, யாரிடமும் எதையும் கேட்காமல், சொல்லாமல் சாப்பாடு வருவது பெரிய ஆறுதல். ருசியெல்லாம் அதற்கு அடுத்ததுதான். அதனால் இதை உங்கள் வத்தக்குழம்போடு வைத்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, மெம்பர்ஷிப். அதற்குப் பணம் கட்டிவிட்டால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் டெலிவரி இலவசம். கட்டிய காசு வீணாகக் கூடாது என்றே ஆர்டர் கூடும். தொகை எட்டவில்லை என்றால் வேண்டாத ஒரு குலாப் ஜாமூனும் சேரும். மெம்பர்ஷிப் எப்போது முடிகிறது என்று மருமகளிடம் சாதாரணமாகக் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தால், அதை மட்டும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பில்லைக் கேட்பதைவிட இது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மாலை நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில், "ராத்திரிக்கு அடை, அவியல். சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பசி வருவதற்கு முன்பே கேட்டால் ‘சரிம்மா’ என்று பதில் வர வாய்ப்பு அதிகம். வேண்டாம் என்றால் உங்களுக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள், வருத்தப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவை ஆப்புக்கே விட்டுவிடுங்கள். அன்று போனை நீங்கள் வாங்கி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.