டேங்க் காலியானதும் நிறைவு என்று காட்டும் மீட்டர்

உங்கள் படகின் டேங்க் நிறைந்திருக்கும்போது மீட்டரின் முள் காலியை ஒட்டியும், காலியானதும் நிறைவிலும் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வயர்களை இடம் மாற்றுவதால் இது தீராது, டேங்குக்குள் மிதவையோடு இருக்கும் சென்சாரும் மீட்டரும் ஒரே ஓம் (மின்தடை) அளவுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

அமெரிக்க முறைச் சென்சார் காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் தரும். ஐரோப்பிய முறையிலோ காலியில் 10, நிறைவில் 180. உங்களிடம் ஐரோப்பியச் சென்சாரும் அமெரிக்க மீட்டரும் சேர்ந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

பேட்டரியைத் துண்டித்துச் சென்சாரைக் கழற்றி, அதன் இரு முனைகளிலும் ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, மிதவையைக் கையால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். எண் குறைந்துகொண்டே போனால் அமெரிக்க வகை, கூடினால் ஐரோப்பிய வகை.

பெட்ரோல் டேங்க் என்றால், சென்சார் இருந்த துளையை உடனே மூடிவிட்டு, சென்சாரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடித்தட்டிலேயே தேங்கி நிற்கும்.