அக்கா கட்டும் வாடகை

கேள்வி: எனக்கு 34 வயது. கொட்டாஞ்சேனையில் அம்மாவோடும் கலியாணமாகாத அக்காவோடும் இருக்கிறேன். விளம்பர நிறுவனமொன்றில் 60,000 ரூபா சம்பளத்துக்கு இருந்தேன். 2021 இல் அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். கலியாணக் காட், பூப்புனித நீராட்டு விழா பெனர், கடைகளுக்கு லோகோ, செத்தவர்களின் 31 ஆம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலர் என்று வருகிற எல்லாவற்றையும் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு. ஒரு மாதம் 2 லட்சம் வரும், அடுத்த மாதம் 30,000 கூட வராது. 2022 இல் மாதக்கணக்கில் ஓடரே இல்லை. லோகோ கேட்கிற கடைக்காரர்கள் இரவு 11 மணிக்கும் வட்ஸ்அப்பில் மாற்றம் சொல்கிறார்கள். சொந்தக்காரரிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் ஆசை ஓவியம்தான். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமிகளை வைத்து ஒரு தொடர் கீறத் தொடங்கினேன், 4 படங்களோடு நிற்கிறது. செத்தவர்களுக்கு மலர் கட்டிக் கட்டி என் கலையும் செத்துக்கொண்டிருக்கிறது. நல்லகாலம், வாடகையை அக்கா பார்த்துக்கொள்கிறா, அவ ஸ்கொலசிப் வகுப்பு எடுக்கிறா. காசு வேலையையும் கலையையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது? சில வேலைகளை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகர், கொழும்பு 13

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் கணக்குக்குக் குறைவில்லை. பழைய சம்பளம், நல்ல மாதம், மோசமான மாதம், கீறி முடித்த படங்கள் எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகைக்கு மட்டும் எண் இல்லை. அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரமெல்லாம் வீட்டுக்காரர் எவ்வளவு கூட்டினார், அட்வான்ஸ் காசை யார் எங்கே புரட்டினார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

சொந்தத் தொழில் செய்கிற பிள்ளைகள் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். படம் கீறுகிறவர், மிருதங்கம் வாசிக்கிறவர், கேக் அடிக்கிறவர், கலியாண வீடுகளில் கமரா பிடிக்கிறவர். வருமானம் ஏறி இறங்குகிறது, மனதுக்குப் பிடித்ததைச் செய்ய நேரமில்லை என்பதுதான் எல்லோருடைய முறைப்பாடும். அநேகமான கடிதங்களில் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெண் இருப்பார். அம்மாவோ மனைவியோ அக்காவோ, அவர் எதையாவது "பார்த்துக்கொள்வார்". அந்த வரியை எழுதியவுடனே பேனா வேறு விடயத்துக்குப் போய்விடும். உங்களுடையதும் அப்படித்தான் போயிருக்கிறது. நான் போக விடமாட்டேன்.

அக்காவின் தொழிலைக் கொஞ்சம் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பரீட்சை முடிந்த அன்றோடு அந்த வருடப் பிள்ளைகள் மொத்தமாக நின்றுவிடுவார்கள். அடுத்த தொகுதி சேர்ந்து, பெற்றோர் ஒழுங்காகக் காசு தரத் தொடங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இடையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு குடும்பம் வீடு மாறிப் போய்விடும், ஒரு தாய் வாசலில் நின்று "அடுத்த மாதம் சேர்த்துத் தாறன் ரீச்சர்" என்பார். உங்களுக்கு இருக்கிற அதே ஏற்ற இறக்கம்தான் அவருக்கும். அந்த வீட்டில் சுயதொழில் செய்கிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

2022 ஐப் பற்றிச் சொல்கிறீர்கள். அந்த வருடம் மார்ச் மாதம், கடதாசி இல்லையென்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுத்து வகுப்பு நடத்துகிற ஒருவருக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும்? பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற தகப்பன்மார் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்களா? மின்வெட்டில், வியர்வையில், பத்து வயதுப் பிள்ளைகளை எப்படி இருத்தி வைத்திருப்பார்? உங்களுக்கு ஓடர் இல்லாத அந்த மாதங்களிலும் வாடகை போயிருக்கிறது. அதை எப்படிக் கட்டினார் என்று நீங்கள் கேட்கவில்லை. நகை ஏதும் அடைவுக்குப் போனதா என்றுகூடத் தெரியாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் 60,000 சம்பளத்தில் இருந்தபோது, உங்கள் பங்கான 8 வீதத்தை விட்டாலும், முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். மாதம் 9,000 ரூபா, உங்கள் முதுமைக்காக இன்னொருவர் கையிலிருந்து போன காசு. 2021 இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தீர்கள். அது உங்கள் முடிவு, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வகுப்பு எடுக்கிறவருக்கு யாரும் சேமலாப நிதி கட்டுவதில்லை. அவருடைய முதுமைக்கு அவர் தன் உழைப்பிலிருந்து மிச்சம் பிடிப்பதுதான் உண்டு. அந்த மிச்சம்தான் மாதாமாதம் உங்கள் பங்கு வாடகையாகப் போகிறது. அக்காவுக்கு 60 வயதாகி, தொண்டை கட்டி, வகுப்பு எடுக்க முடியாமல் போகும்போது அந்தக் காசு எங்கே இருக்கும் என்று யோசித்தீர்களா?

கலியாணமாகாத பெண்ணின் உழைப்பு வீட்டின் பொதுச்சொத்து என்று எங்கள் குடும்பங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. அவளுக்கென்று பிள்ளையா குட்டியா, காசை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்பார்கள். அதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை, இனியும் ஏற்கமாட்டேன். அவருக்குக் கலியாண ஆசை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலே படிக்க, சொந்தமாக வகுப்பறை போட, ஒரு தடவை காசிக்குப் போய்வர ஆசை இருக்கலாம். உங்கள் ஆசையை எனக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவருடையது என்னவென்று ஒரு வரி எழுத உங்களால் முடிந்திருக்குமா?

சொந்தக்காரரிடம் காசு கேட்கக் கூச்சம் என்று எழுதியதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மாவின் மகளுடைய கலியாணக் காட்டைச் சும்மா செய்து கொடுத்தால், அதற்கான காசை யாரோ ஒருவர் கட்டத்தானே வேண்டும்? அக்காதான் கட்டுகிறார். பெரியம்மாவிடம் வருகிற கூச்சம் கூடப்பிறந்தவரிடம் ஏன் வரவில்லை? இனிமேல் யாராக இருந்தாலும் பாதிக் காசு வாங்கிய பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும், மீதி வாங்கிய பிறகுதான் அச்சகத்துக்கு ஃபைல் போக வேண்டும். சொந்தத்துக்கு விலையில் குறைக்க விருப்பமென்றால் தாராளமாகக் குறையுங்கள். அட்வான்ஸை விடாதீர்கள்.

இனி எந்த வேலையை விடுவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நினைவு மலரை விடவேண்டும் என்றுதான் உங்கள் மனம் சொல்கிறது. அதைத்தான் விடக்கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை, காட் வேலை படுத்துவிடும். மரணத்துக்கு அப்படி மாதம் கிடையாது, 31 ஆம் நாளைத் தள்ளிவைக்கவும் முடியாது. உங்கள் வேலைகளில் வருடம் முழுவதும் நாள் தவறாமல் வரக்கூடியது அது ஒன்றுதான். அதை இழிவாக நினைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் பாட்டியம்மாவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதை ஃபோனில் படம்பிடித்து, மங்கலாக உங்களுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் அதைப் பெருப்பித்து, கீறல் எடுத்து, கண்ணைத் துலக்கி, காதில் இருந்த தோட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். அந்த மலர் கனடாவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளின் சாமியறையில் இருபது வருடம் இருக்கும். நாட்டாமியின் முகத்தைக் கீற ஆசைப்படுகிறவருக்கு இந்த முகம் மட்டும் எப்படிக் கலைக்கு வெளியே போனது? ஒழுங்கில்லாத எழுத்துரு, மூலைக்கு மூலை ரோசாப்பூ, பிழை மலிந்த தேவாரம் என்று வருகிற மலர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. நல்ல கை படவேண்டிய இடம் அது. நன்றாகச் செய்யுங்கள், அதற்கேற்ற விலையும் கேளுங்கள்.

விடவேண்டியது கடை லோகோ. இரவு 11 மணிக்கு மாற்றம் கேட்கிற வேலை உங்கள் அடுத்த நாள் காலையையும் சேர்த்துத் தின்கிறது. முழுக்க விட முடியாவிட்டால் மூன்று திருத்தத்துக்கு மேல் காசு என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் தாமாகவே போய்விடுவார்கள். சித்திர வகுப்பு இருக்கட்டும்.

காசு விடயம் சுருக்கமாக. கடந்த 12 மாதமும் வந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். வருகிற எல்லாக் காசும் ஒரு கணக்குக்குள் போகட்டும். 2 லட்சம் வந்த மாதத்திலும் 30,000 வந்த மாதத்திலும், 1 ஆம் திகதி உங்களுக்கென்று ஒரே தொகையை எடுங்கள். முதல் வருடம் அந்தத் தொகையை உங்கள் சராசரியைவிடக் குறைவாகவே வையுங்கள். தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள், வங்கியில் தொழில் கணக்குத் திறக்க அது வேண்டும். வருடத்துக்கு 18 லட்சம் வரை வருமான வரி இல்லை, ஆனாலும் கணக்கு எழுதி வையுங்கள். சுயதொழில் செய்கிறவர்களும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தாமாகக் காசு கட்டலாம். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் சுயதொழிலாளருக்காகவே, 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இரண்டையும் உங்களுக்கும் அக்காவுக்கும் சேர்த்து விசாரியுங்கள்.

நீங்கள் எடுக்கிற அந்த மாதத் தொகையில் முதல் செலவு வாடகை. வருகிற மாதம் முழு வாடகையையும் நீங்கள் கட்டுங்கள். அதற்குப் பிறகு பாதிப் பாதியா, வேறு கணக்கா என்று இருவரும் தீர்மானிக்கலாம். அந்த ஒரு மாதம் உங்கள் கையிலிருந்து போனால்தான் ஒரு மாதம் உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்பது உங்களுக்குப் பிடிபடும். அது பிடிபட்டால் எந்த ஓடரை எடுப்பது, எதை விடுவது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஓவியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கிழமையில் மூன்று காலை, 5 மணியிலிருந்து 8 மணி வரை, ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கீறுங்கள். 1993 இல் ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கிய கலா பொல, வருடாந்தம் நடக்கிற அந்தத் தெருவோர ஓவியச் சந்தை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஓரத்தில் படங்களை வைத்து நீங்களே நின்று விற்கலாம். 4 படத்தோடு அங்கே போக முடியாது, ஆகவே அடுத்த கலா பொலவையே தவணையாக வையுங்கள். முதல் வருடத்தில் அது வாடகை கட்டும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கு முன்னால் அக்காவோடு கதைக்க வேண்டும். அம்மாவை நடுவில் வைக்காதீர்கள், அவர் யாரையாவது சமாதானப்படுத்தத்தான் பார்ப்பார். அந்த 12 மாதக் கணக்குத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். "பரவாயில்லை, நீ படத்தைக் கீறு" என்றுதான் அக்கா முதலில் சொல்லுவார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இருந்து, வாடகை எவ்வளவு, கையில் கடன் எவ்வளவு, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சனி, ஞாயிறு அவருக்கு வகுப்பு இருக்கும். திங்கட்கிழமை காலை பாருங்கள், பள்ளிக்கூடம் விடும்வரை நேரம் இருக்கும்.