அடுப்படியில மிச்சம் பிடிச்சும் கார்டு கடன் குறையலையே?

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு ஜவுளிக் கடையில சம்பளம், இவங்க தையல். மாவு வீட்லயே அரைக்கிறாங்க, பருப்பு ஊற வெச்சுதான் குக்கர் ஏறுது, ரேஷன் பருப்பு, பாமாயில் எதையும் விடுறதில்ல. மளிகை மாசம் 7,000 ரூபா, பாயின்ட் கிடைக்குதுன்னு கிரெடிட் கார்டுல. மாசா மாசம் 8,000 கட்டியும் போன வருஷம் 31,000 இருந்த பாக்கி இப்ப 38,000ல நிக்குது. எண்ணெய் மிச்சமாகும்னு 7,000 ரூபாய்க்கு ஏர் ஃப்ரையர் நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கலாமான்னு கேக்குறாங்க.

அடுப்படி சிக்கனம் பத்தி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்லீங்க, நீங்கதான் எனக்குச் சொல்லணும். கிலோ 30 ரூபா ரேஷன் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபா பாமாயில், வீட்டு மாவு எல்லாம் சேத்து மாசம் ஒரு 800, 900 மிச்சம் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். இப்ப கார்டு ஸ்டேட்மென்ட்ட எடுங்க, மாசம் 3.5% வட்டின்னு நீங்களே எழுதியிருக்கீங்க, 38,000க்கு 1,330 ஆச்சு, அது மேல 18% ஜிஎஸ்டி 240, ஆக 1,570 ரூபா. நீங்க ஊற வெச்ச பருப்பு, அரைச்ச மாவு எல்லாத்தையும் தின்னுட்டு மேல கொஞ்சமும் கேக்குது. 7,000க்கு வாங்கி 8,000 கட்டினா 1,000 குறையும்னு நினைக்கிறீங்க, வட்டியைச் சேத்தா 570 ஏறுது. இன்னொண்ணு, பழைய பாக்கியை முழுசா கட்டாதவங்களுக்கு அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லா சலுகையெல்லாம் கிடையாது, இன்னைக்கு தேய்ச்ச உப்பு புளிக்கும் இன்னைல இருந்தே வட்டி ஓடும். ஒரு மாசம் கிடைக்குற பாயின்ட் பெரும்பாலும் அந்த மாச ஜிஎஸ்டிக்கே பத்தாது.

இதுல எனக்கு கோவம் வந்த இடம் கடுதாசி கடைசியில போற போக்குல எழுதின ஒரு வரி. மாசம் 2,000ன்னு போடுற ஆர்டில, அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்புல, 36,000 சேர்ந்திருக்கு, பொண்ணு காலேஜுக்கு, அதைத் தொடக்கூடாதுன்னு. வருஷம் ஆறரை, ஏழு பர்சன்ட்டுக்கு போட்டு வெச்சுட்டு வருஷம் 42% வட்டி கட்டுறீங்க! ஆர்டி மாசம் 200 ரூபா தருது, கார்டு 1,570 பிடுங்குது.

ஆர்டியை உடைங்க. முன்கூட்டியே எடுத்தா வட்டியில கொஞ்சம் குறைப்பாங்க, பரவால்ல. 36,000ஐ கட்டுங்க, ட்யூ தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, வட்டி தினக்கணக்கு. இந்த மாசம் கட்டவிருந்த 8,000ல 2,000 போட்டா பாக்கி முடிஞ்சுது, மீதி 6,000க்கு மளிகையை ரொக்கமா வாங்குங்க, 1,000 துண்டு விழும், ஒரு மாசம் சமாளிக்க உங்களுக்கா தெரியாது? அடுத்த பில்லுல விட்டுப்போன வட்டின்னு கொஞ்சம் வரும், பயப்படாம கட்டிடுங்க. அப்புறம் ஆர்டியை 3,000மா திரும்ப ஆரம்பிங்க, பழைய 2,000 கூட, மிச்சமாகுற அந்த 1,000.

ஏர் ஃப்ரையர் கணக்கும் சொல்லிடுறேன். மாசம் அரை லிட்டர் எண்ணெய் மிச்சம்னா 75 ரூபா, 7,000 திரும்பி வர ஏழெட்டு வருஷம், கரண்ட் பில் தனி. நோ காஸ்ட்னு பேருதான், ப்ராசஸிங் ஃபீஸ், வட்டிப் பங்குக்கு ஜிஎஸ்டின்னு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அதுவும் பாக்கி இருக்குற அதே கார்டுலயா? இரும்புச் சட்டியே போதும்.

கொழுந்தனார் போன் வாங்கினப்ப தேய்ச்ச 24,000தான் இதுக்கெல்லாம் ஆரம்பம்னு எழுதியிருக்கீங்க, கேட்டா மூஞ்சி தூக்குறாருன்னும். அதைக் கேக்குறது உங்க வேலை இல்ல, உங்க வீட்டுக்காரர் வேலை. மாசம் 2,000ன்னு 12 மாசம், அதுவும் நேரா ஆர்டி கணக்குக்கே போட்டுவிடச் சொல்லுங்க. தீபாவளிக்கு மறுபடியும் கார்டு கேப்பாரு, அதுக்கு முன்னாடியே லிமிட்டை 10,000க்கு குறைக்கச் சொல்லி பேங்குல எழுதிக் குடுத்துடுங்க.