பொருள் மலிந்தால் வட்டியும் மலியுமா?

கேள்வி: வீடு வாங்க 20 ஆண்டுக் கடன் எடுக்கப்போகிறேன். உலகமயமாக்கலும் போட்டியும் பொருட்களின் விலையைக் குறைப்பதுபோல் வட்டியையும் குறைத்துக்கொண்டே போகும், அதனால் மாறும் வட்டியே லாபம் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கடன் கொடுப்பவர் விலைவாசி உயர்வை ஈடுகட்ட ஒரு பங்கும், பணத்தின் உண்மையான வாடகையாக ஒரு பங்கும், நெடுங்காலம் காத்திருப்பதற்கு ஒரு பங்கும் சேர்த்துத்தான் வட்டி கேட்கிறார். போட்டி முதல் பங்கைக் குறைக்க உதவும். ஆனால் விலைவாசியின் நெடுங்காலப் போக்கு மத்திய வங்கியின் கையில் இருக்கிறது. மலிவான இறக்குமதி அதற்குத் துணை மட்டுமே.

இரண்டாம் பங்கில்தான் சிக்கல். புதிய சந்தைகள் திறந்தால் தொழிற்சாலை கட்டப் பணம் தேடுவோர் பெருகுவர், வட்டி ஏறும். சேமிப்பும் எல்லை தாண்டி வந்தால் இறங்கும். 2004 ஜூன் முதல் 2006 ஜூன் வரை அமெரிக்க மத்திய வங்கி தன் குறுகியகால வட்டியை 1 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாக உயர்த்தியது. நீண்டகால வட்டியோ அந்த அளவுக்கு அசையவே இல்லை. வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 2005இல் இதைப் புதிர் என்றார். உலகில் சேமிப்பு மிதமிஞ்சிவிட்டது என்று விளக்கினார் அதே வங்கியின் ஆளுநர் குழுவில் அப்போது இருந்த பொருளியலாளர் பென் பெர்னான்கி. எனக்கு அந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் இது ஒருவழிப் பாதை அல்ல. அந்நாட்டு அரசின் 10 ஆண்டுக் கடன்பத்திரம் ஈட்டித்தந்த வட்டி 1981இல் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் அரை சதவீதத்தை ஒட்டி விழுந்தது. 2023 அக்டோபரில் 5 சதவீதத்தைத் தொட்டது. உலகமயமாக்கல் இந்த மூன்றாண்டில் காணாமல் போய்விடவில்லை.

நண்பர் மறந்த இன்னொன்று: அவருக்குத் தெரிந்த காரணம் கடன்பத்திரச் சந்தைக்கும் தெரியும். வட்டி இறங்கும் என்ற எதிர்பார்ப்பு இன்றைய நிலையான வட்டியில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எனவே முடிவை உங்கள் வருமானத்தைப் பார்த்து எடுங்கள். வட்டி 3 சதவீதப் புள்ளி ஏறினால் மாதத் தவணை எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். அதைக் கட்ட முடியாதென்றால் நிலையான வட்டியே சரி.

போட்டியால் உங்களுக்கு நேரடி லாபம் வேறிடத்தில் கிடைக்கும். அடிப்படை வட்டிக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவீதம், பரிசீலனைக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் விதிக்கும் கட்டணம் ஆகிய மூன்றிலும் பேரம் பேச இடமுண்டு. குறைந்தது இரண்டு வங்கிகளிடமாவது எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.