நொடி முள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். நான் ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் டியூட்டர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். இன்னும் மூன்று வாரத்தில் முதலாமாண்டு மாணவர்கள் 38 பேரை, அதில் நான்கு பேர் பையன்கள், அரசு மருத்துவமனைக்குக் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டிலேயே நோயாளிகளிடம் பயிற்சி பெற, அழைத்துப்போக வேண்டும். செய்முறை அறையில் சொல்லிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் முடித்துவிட்டோம். பொம்மையின்மேல் எல்லோரும் கச்சிதமாகச் செய்கிறார்கள்.

ஆனால் போன வருடம் முதல் நாளே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒரு மாணவியை வார்டு சிஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் திட்டியதில், படிப்பே வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டாள். "நீங்கள் கூடவே இருந்து என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று அவளுடைய அப்பா போனில் கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இருக்கிற மூன்று வாரத்தில் ஒரு வாரம் விளக்கேற்றும் விழா ஒத்திகைக்குப் போய்விடும். மிச்ச நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது? கல்லூரி பெயரையும் என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்.,

கடிதத்தைப் படித்ததும் உங்களிடம் கேட்கத் தோன்றியது இதைத்தான்: உங்கள் 38 பேரில் எத்தனை பேரிடம் நொடி முள் ஓடும் கடிகாரம் இருக்கிறது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இன்றைய பிள்ளைகள் மணி பார்ப்பது போனில். வார்டுக்குள் போன் கூடாது என்று நீங்களே வாங்கி வைத்துவிடுவீர்கள், வைக்கவும் வேண்டும். வார்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்தை நம்ப முடியாது. பிறகு எதை வைத்து நாடி பார்ப்பார்கள்? 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் இறங்கும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கணக்குக் கொடுத்தால், நிமிடத்துக்கு 42 சொட்டு என்று தாளில் போட்டுக் காட்டிவிடுவார்கள். தொங்குகிற பாட்டிலுக்குக் கீழே நின்று அந்த 42 சொட்டை எண்ணிச் சரிசெய்ய நொடி முள் வேண்டும். மணிக்கட்டில் கட்டினால் கையைச் சரியாகக் கழுவ முடியாது. சட்டைப் பையின்மேல் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் கடிகாரங்கள் இருக்கின்றன. விழாப் பேனருக்கு ஆகும் செலவில் சிலருக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கடிகாரத்தை நான் இப்படிப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

என் முதல் போஸ்டிங், பெண்கள் மெடிக்கல் வார்டில். ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுத்து டி.பி.ஆர். எடுக்கச் சொன்னார்கள். உடல் வெப்பம், நாடி, மூச்சு. என் வரிசையில் 14 கட்டில்கள். வெப்பத்தைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். நாடி விரலில் தட்டும். மூச்சுதான் சிரமம். ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்ப்பது தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே எண்ண வேண்டும். மூன்று கட்டில் வரைக்கும் அப்படித்தான் எண்ணினேன். நான்காவது கட்டிலில் நிற்கும்போது பின்னாலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒரு குரல். அதற்கப்புறம் எண்ணவில்லை. 20, 20, 20 என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன்.

வார்டு சிஸ்டர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. "உன் வரிசையில் எல்லோரும் பரேடு போகிறார்களா, ஒரே சீராக மூச்சுவிட?" என்றார். கூடவே வந்து ஒவ்வொரு கட்டிலாக எண்ண வைத்தார். 11ஆம் கட்டிலில் ஒரு பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நான் தாண்டிப் போயிருந்தேன். இந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணினேன். 36. பெரியவர்களுக்கு 12இலிருந்து 20 வரை இருக்க வேண்டியது. அதற்கப்புறம் ஆக்சிஜன், டாக்டரைத் தேடி ஓட்டம். பாட்டி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டார். எல்லாம் அடங்கியபின் சிஸ்டர் என் 20ஐ ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் 36 என்று எழுதி, என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். "எண்ணவில்லை என்றால் எழுதாதே. காலியாக விடு. காலியாக இருந்தால் யாராவது வந்து எண்ணுவார்கள். 20 என்று இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்."

மூன்று வாரத்தில் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்தக் காலியிடத்தைத்தான். புதிதாக ஒரு செய்முறையும் வேண்டாம். கட்டில் விரிப்பின் மூலையை இன்னும் நேர்த்தியாக மடிப்பதற்காக ஒரு நாளை வீணாக்காதீர்கள். "தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். சொல்ல வைத்துப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் "விடைத்தாளில் இடம் விடாதே, ஏதாவது எழுதி வை, மார்க் விழும்" என்று சொல்லி நாம் வளர்த்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் பழக்கம் கேஸ் ஷீட்டுக்கும் கூடவே வரும். நீங்களும் உங்களைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "நோயாளி எக்ஸ்ரேக்குப் போயிருந்தார், 10 மணிக்கு எடுக்க வேண்டிய டி.பி.ஆர். எடுக்கவில்லை" என்று ஒரு மாணவி எழுதினால் அவளுக்கு மார்க் குறைப்பீர்களா? குறைப்பீர்கள் என்றால், அடுத்த முறை அவள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவாள்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். பாடம் ஆங்கிலத்தில், நோயாளி தமிழில். இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டுக்கொடுக்க எந்தப் பாடவேளையும் இல்லை. "மோஷன் போனதா?" என்று கேட்டால் ஒரு பாட்டிக்குப் புரியாது. "வெளியே போனீர்களா?" என்று கேட்டால், "ஆமாம், காலையில் வராந்தா வரைக்கும் போய் வந்தேன்" என்பார். மாணவி அதைக் கேட்டு 'மலம் கழித்தார்' என்று எழுதிவைப்பாள். உங்கள் பகுதியில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று பிள்ளைகளையே வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். மலம், சிறுநீர், மாதவிடாய், வாந்தி, தலைசுற்றல் ஒவ்வொன்றுக்கும் பாட்டிமார் சொல்லும் சொல் வேண்டும். கூச்சத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வகுப்பறையிலேயே முடிந்துவிட்டால் நல்லது, கட்டிலருகே வராது.

இதில் கொஞ்சம் ஆபத்தான இடமும் உண்டு. "நெஞ்சைக் கரிக்கிறது" என்று ஒருவர் சொன்னால், மாணவி அதை 'அசிடிட்டி' என்று மொழிபெயர்த்துச் சிஸ்டரிடம் சொல்வாள். அது வயிற்று எரிச்சலாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது முதலாமாண்டு மாணவியின் வேலை இல்லை. அவர் சொன்ன சொல்லை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை: "நெஞ்சைக் கரிக்கிறது என்கிறார் சிஸ்டர், வேர்த்திருக்கிறது." என் 20ஐப் போலத்தான் அந்த 'அசிடிட்டி'யும்.

நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். செவிலியருக்குக் கற்றுத்தரக்கூடிய முக்கியமான பாடம் எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது என்பதுதான் என்றார். "இரவு நன்றாகத் தூங்கினாரா?" என்று கேட்பதை அவர் ஏற்கவில்லை. பத்து மணி நேரம் தூங்காவிட்டால் தூக்கமே இல்லை என்பவர்கள் உண்டு. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேள் என்றார். நம் வார்டுகளில் இன்றைக்கும் "நல்லா தூங்கினீங்களா பாட்டி?" என்றுதான் கேட்கிறோம். பாட்டியும் நம் மனம் நோகக் கூடாது என்று "ஆமாம் தாயி" என்கிறார்.

(போகிற போக்கில் ஒன்று. விழாவில் பிள்ளைகள் கையில் விளக்குடன் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியை எழுதியவர் நைட்டிங்கேல் இல்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் எழுதப்பட்டது. விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. பெற்றோர் வந்து கண்கலங்கிப் பார்க்கும் நாள் அது. ஆனால் ஒத்திகைக்கு ஒரு வாரம் அதிகம். இரண்டு மாலை போதும். மற்ற நாட்களை முதல்வரிடம் போராடியாவது வாங்குங்கள்.)

அப்படி வாங்கிய நாட்களில் ஒன்றுக்கு ஒரு யோசனை. பொம்மையை எழுப்பி மூலையில் சாத்திவிட்டுக் கட்டிலில் மாணவியையே படுக்க வையுங்கள். தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுத்திருப்பவளுக்கு இன்னொருத்தி கரண்டியால் கஞ்சி கொடுக்கட்டும், ஒரு வாய் போதும், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். தலைமாட்டை உயர்த்தாமல் யாருக்கும் எதுவும் ஊட்டக் கூடாது என்பதை அதற்கப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தாழ்வாரம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போங்கள். கூரையும் டியூப் லைட்டும் மட்டுமே நகர்வதைப் பார்த்துக்கொண்டு போவது எப்படி இருக்கிறது என்று தெரியட்டும். உடையோடே பெட்பேன் (படுக்கையிலேயே மலம் கழிக்க வைக்கும் பாத்திரம்) மேல் ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். பையன்கள் நான்கு பேரையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக இரண்டு பேர் கட்டிலின் இரு பக்கமும் நின்று, படுத்திருப்பவளைப் பற்றி அவளுக்கு மேலாக ஆங்கிலத்தில் பேசட்டும். ஒரு வருடம் இந்தப் பயிற்சியில் ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயம் வந்துவிட்டது மிஸ்" என்றாள். அவளுக்கு அந்த ஆங்கிலம் முழுக்கப் புரியும்.

மயங்கி விழுந்த இரண்டு பேரைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்து மட்டும் அவர்கள் விழுந்திருக்க மாட்டார்கள். வெறும் வயிறு, புழுக்கம், முழங்காலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது, எல்லாம் சேர்ந்துகொள்ளும். ரத்தம் காலில் தேங்கும், இதயத்துடிப்பு குறையும், மூளைக்குப் போவது போதாமல் போகும். காது இரைந்து, வேர்த்து, கண் மங்கினால் விழுவதற்கு முன்பே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே ஒருமுறை டிரஸ்ஸிங் டிராலியோடு சேர்ந்து விழுந்திருக்கிறேன்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நடத்திக் காட்டுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து ஒளித்த பிள்ளையை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் தோழியிடம் அழுதபோதுதான் தெரியவந்தது. அதனால் சொல்பவரைத் திட்டமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டைகளை இன்றே வாங்கிப் பாருங்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை என்பதால், விட்டிருந்தால் மூன்று வாரத்தில் முடிக்க முடியாது. முடிக்காதவர்களை ஊசி, ரத்தம் பக்கம் விடாதீர்கள்.

இனி அந்த வார்டு சிஸ்டர். திட்டியது தவறுதான், அவருக்காக வாதாட மாட்டேன். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல் வெள்ளை உடையில் இத்தனை பேர் வந்து நின்றால், 40 கட்டிலும் இரண்டு ஸ்டாஃபும் வைத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரம் முன்னால் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். டூட்டி மாறும் நேரம் வேண்டாம், மதியம் போங்கள். என் பிள்ளைகள் இதையெல்லாம் செய்யலாம், இதையெல்லாம் செய்யக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பார்மசிக்கும் ரத்த வங்கிக்கும் ஓடுகிற ஆட்களாக மட்டும் அவர்களைப் பயன்படுத்துவது நடக்கும், அதை நாசூக்காக அப்போதே பேசிவிடுங்கள். வரும்போது கை கழுவும் குழாய், ஆக்சிஜன் சிலிண்டரின் சாவி, அவசர மருந்து டிரே, பிள்ளைகள் போகக்கூடிய கழிவறை நான்கும் எங்கே என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஊருக்குப் போய்விட்ட அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பதில் இல்லை என்றீர்கள். தொலைபேசி எண் இருக்கிறதல்லவா? கூப்பிடுங்கள். "அன்று நான் அவள் பக்கத்தில் இல்லை, அடுத்த வரிசையில் இருந்தேன்" என்பது உண்மையென்றால் அதையே சொல்லுங்கள். அவள் திரும்பி வருவாளா என்றும் கேளுங்கள்.

போஸ்டிங் முதல் நாள் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். டி.பி.ஆர். தாளில் எத்தனை கட்டங்கள் காலியாக இருந்தன என்று அறிய ஆவலாக இருக்கிறேன். ஒன்றுகூடக் காலியாக இல்லை என்றால், மறுநாள் காலையில் நீங்களே ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். அப்புறம், ஹாஸ்டலில் காலை டிபன் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று விசாரித்தீர்களா? கல்லூரி பஸ் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது என்றால், முதலில் அதை மாற்றுங்கள்.

அன்புடன்.